தாடையைச் செதுக்கும் ஆபரேஷன்: எலும்பா, தசையா, மாவாவா? ஆண்கள் முதலில் பார்க்க வேண்டியது எதை?

ராயபுரத்தில் எந்த சலூனில் போய் உட்கார்ந்தாலும் இந்த வசனம் காதில் விழும்: "அண்ணா, தாடை ஷார்ப்பா தெரியணும்." அவரும் ட்ரிம்மரை எடுத்து தாடியில் ஒரு கோடு இழுப்பார். அரை மணி நேரத்தில் முகமே வேற மாதிரி ஆகிவிடும். ஒரு வாரத்தில் முடி வளர்ந்ததும் கோடு காணாமல் போகும்.

அந்தக் கோடு நிரந்தரமாக வேண்டும் என்று ஆசைப்படுபவர்களைக் குறிவைத்துத்தான் இப்போது ரீல்ஸுக்கு நடுவே விளம்பரங்கள் வருகின்றன. 'ஜாலைன் சர்ஜரி', 'வி ஷேப் ஃபேஸ்', கூடவே இ.எம்.ஐ. வசதி. அகலமான கீழ்த்தாடை எலும்பை வெட்டியும் தேய்த்தும் சிறிதாக்குவதுதான் இந்த ஆபரேஷன். 'தாடைக் குறைப்பு' என்கிறார்கள்.

ஆனால் தாடை பெரிதாகத் தெரிய எலும்பு மட்டும்தான் காரணமா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பல்லைக் கடித்துப் பாருங்கள்

காதுக்குக் கீழே, தாடை திரும்பும் மூலையில் இரண்டு கைவிரல்களையும் வையுங்கள். இப்போது பல்லை இறுகக் கடியுங்கள். விரலுக்கு அடியில் ஏதாவது புடைத்துக்கொண்டு வருகிறதா? அது எலும்பு கிடையாது, மாசெட்டர் என்ற மெல்லும் தசை. சிலருக்கு இந்தத் தசை ஜிம்முக்குப் போன கை மாதிரி பெருத்திருக்கும். முகம் சதுரமாகத் தெரியும். இப்படி ஒரு பிரச்சினை இருப்பதை மருத்துவ உலகம் 1880-லேயே பதிவு செய்திருக்கிறது.

தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள், எந்நேரமும் சூயிங்கம் மெல்பவர்கள், டென்ஷனில் தாடையை இறுக்கிக்கொண்டே இருப்பவர்கள் ஆகியோருக்குத் தசை பெருக்க வாய்ப்பு அதிகம். இவர்கள் எலும்பை வெட்டிக்கொண்டால் தசை அப்படியே இருக்கும். காசு போகும், முகம் மாறாது.

தசைதான் காரணம் என்றால் போட்டாக்ஸ் ஊசி ஒரு வழி. தசைக்கு இந்த ஊசி போட்டால் வீக்கம் குறைவதை 1994-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். ஊசி போட்டதும் மாற்றம் தெரியாது. தசை மெல்ல மெல்லச் சுருங்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். சுமார் ஆறு மாதத்தில் விளைவு குறைய ஆரம்பிக்கும், மறுபடி போட வேண்டியிருக்கும். கொஞ்ச நாள் மட்டன் எலும்பைக் கடிக்கக் கஷ்டமாக இருக்கலாம். ஆனால் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், பழைய முகம் திரும்பி வந்துவிடும். எலும்பில் அந்த வசதி இல்லை.

மூன்றாவது காரணம் கொழுப்பு. உடல் எடை ஏறியவருக்குத் தாடைக்கோடு மறைவது சகஜம். இதற்கும் எலும்புக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு பக்கம் மட்டும் தாடை பெரிதாகிக்கொண்டே வந்தால் அதை அழகுப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவே கூடாது. சொத்தைப்பல் சீழ், உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம், தாடை எலும்புக்குள் வளரும் கட்டி என எதுவாகவும் இருக்கலாம். முதலில் பல் டாக்டர், பிறகுதான் மற்றதெல்லாம்.

மாவா மெல்பவர்கள் கவனிக்க

வடசென்னைக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். தூக்கம் வராமல் இருக்க, பசி தெரியாமல் இருக்க, சும்மா பொழுது போக என்று வாயில் ஏதாவது அடக்கிக்கொள்வது அங்கே புதிதல்ல. சீவல், புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்த மாவா, இல்லையென்றால் ஹான்ஸ், கூல் லிப். குட்கா, பான் மசாலாவுக்கு தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்துவிட்டது. பொட்டலம் மட்டும் கை மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

கடினமான பாக்கை ஓயாமல் மெல்வது மெல்லும் தசைக்கு ஓயாத வேலை. அதோடு நின்றால் பரவாயில்லை. பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கிவிடும், வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், காரம் பட்டாலே எரியும். இந்த நிலை புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள், அதில் புகையிலை கலக்க வேண்டிய அவசியமே இல்லை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் அறிவித்தது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழையுங்கள். மூன்றும் நுழைந்தால் சரி. இரண்டோடு நின்றால், தாடை ஷேப்பை மறந்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஆபரேஷனுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. தாடைக் குறைப்பு பெரும்பாலும் வாய்க்குள் வெட்டித்தான் செய்யப்படுகிறது. மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் டியூப் இறக்க வேண்டும். வாயே சரியாகத் திறக்காதவருக்கு இரண்டுமே சிக்கல். ஆகவே மாவா பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள், வீட்டுக்குத் தெரியாமல் மெல்பவராக இருந்தாலும்.

ஆபரேஷனில் என்ன நடக்கும்?

முழு மயக்கத்தில் செய்வார்கள். கடைவாய்ப்பல்லுக்கு வெளியே, கன்னத்தின் உட்புறத்தில் வெட்டுவதால் வெளியே தழும்பு தெரியாது. தசையை விலக்கி, தாடை மூலையில் துருத்தி நிற்கும் எலும்பைச் சிறிய ரம்பத்தால் அறுத்து எடுப்பார்கள், அல்லது தேய்த்து மெலிதாக்குவார்கள். உள்ளே தையல், வெளியே இறுக்கமான கட்டு. பிறகு சில நாட்களுக்குக் கஞ்சி, ஜூஸ்தான். பெரிய வீக்கம் வடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். உண்மையான வடிவம் தெரிய மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவர், வலை இழுக்கிறவர், ஷிப்ட் வேலை பார்க்கிறவர் எல்லாம் இந்த நாட்களின் சம்பளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விளம்பரத்தில் அந்தக் கணக்கு வராது.

ஆண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காதுக்குக் கீழே தாடை சட்டென்று திரும்புகிறதே, அந்த மூலைதான் ஆண் முகத்துக்கு அடையாளம். 'ஷார்ப்பா வேணும்' என்று கேட்டுப் போனவருக்கு அந்த மூலையை அதிகமாக வெட்டிவிட்டால் காதிலிருந்து முகவாய் வரை ஒரே சரிவாகிவிடும். கேட்டது ஒன்று, கிடைப்பது இன்னொன்று. வெட்டிய எலும்பு திரும்ப வளர்ந்து ஈடு கட்டாது. சரி செய்ய இன்னொரு ஆபரேஷன்தான்.

உதடு மரத்துப் போனால்?

கீழ்த்தாடை எலும்புக்குள்ளே ஒரு குழாய் மாதிரி பாதை இருக்கிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அதன் வழியேதான் ஓடுகிறது. ரம்பம் போகும் இடத்துக்கும் அதற்கும் இடைவெளி அதிகமில்லை. அடிபட்டால் உதடு மரத்துப் போகும். டீ உதட்டோரம் வழிந்தாலும் தெரியாது. பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாமலே போகலாம்.

ரத்தக்கசிவு, எலும்பு தவறான இடத்தில் உடைவது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமையாதது, சீழ் பிடிப்பது என மற்ற ஆபத்துகளும் உண்டு. இவற்றில் உயிரை வாங்கக்கூடியது ரத்தக்கசிவு.

சியோலில் நடந்தது

தாடைக் குறைப்பு என்றாலே தென்கொரியாதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் ஹூண்டாய் கார் மாதிரி, இந்த 'வி ஷேப்' மோகமும் பெரும்பாலும் அந்த நாட்டு பிராண்ட்தான்.

அந்த நாட்டுத் தலைநகர் சியோலில் 2016 செப்டம்பரில் குவோன் டே-ஹீ என்ற கல்லூரி மாணவர் தாடை ஆபரேஷனுக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள், ஏழு வாரம் கழித்து இறந்துபோனார். அவருடைய அம்மா ஆபரேஷன் அறையின் சிசிடிவி பதிவைக் கேட்டு வாங்கி, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஆபரேஷனை ஆரம்பித்த டாக்டர் பாதியில் போய்விட்டதும், மிச்சத்தை வேறொருவர் பார்த்ததும், ரத்தம் வழிந்துகொண்டிருந்தபோது டாக்டர்கள் அறையிலேயே இல்லாததும் அதில் இருந்தது. ஒரே டாக்டர் ஒரே நேரத்தில் பல அறைகளில் ஆபரேஷன் நடத்தியதுதான் காரணம். 2021-ல் கிளினிக்கின் தலைமை டாக்டருக்கு நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

அந்த அம்மா விடவில்லை. நாடாளுமன்ற வாசலில் பதாகையோடு நின்றார். நோயாளி மயக்கத்தில் இருக்கும் ஆபரேஷன் அறைகளில் கேமரா கட்டாயம் என்ற சட்டம் 2021 ஆகஸ்டில் நிறைவேறி, 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

நம்ம ஊரில் யாரிடம் போவது?

வடசென்னைக்கு பிளாஸ்டிக் சர்ஜரி புதிதில்லை. மெஷினில் கை சிக்கிய தொழிலாளிகளுக்காக ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் அடிபட்டவர்கள் ஓடிப்போகும் ஆஸ்பத்திரியும் அதுதான். தாடை, பல் சம்பந்தமான பிரச்சினைக்கு பாரிமுனையை ஒட்டி முத்துசாமி சாலையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடிக்கவே முடியாத அளவுக்குத் தாடை முன்னால் நீண்டிருப்பவருக்குச் செய்யும் ஆபரேஷன் வேறு வகை. அது முகத்துக்காக மட்டுமில்லை, சாப்பிடுவதற்காகவும்தான்.

அழகுக்காக என்றால் செலவு முழுக்க உங்கள் பையிலிருந்துதான். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு முகத்தைச் சீரமைப்பதைத் தவிர, அழகு அறுவை சிகிச்சையை மருத்துவக் காப்பீடு ஏற்காது.

தகுதி விஷயத்தில் ஏமாறாதீர்கள். எம்.சிஎச் முடித்த பிளாஸ்டிக் சர்ஜன், இல்லையென்றால் எம்.டி.எஸ் முடித்த வாய்-தாடை-முக அறுவை நிபுணர் என்பதை உறுதி செய்யுங்கள். யூடியூப் பார்த்தோ, ஒர்க்‌ஷாப் போனோ அழகு அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லிவிட்டது. 2016-ல் உயிரிழந்த 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடும் சிகிச்சைக்குப் போனது சென்னையில்தான். அதை விடப் பல மடங்கு பெரிய ஆபரேஷன் இது.

வயது 20-ஐ ஒட்டி இருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம், ஆண்களுக்குத் தாடை வளர்ந்து முடியவே அவ்வளவு காலம் ஆகும். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினால் தாடை மாறும் என்ற 'மியூயிங்' வீடியோக்களுக்குப் பெரியவர்கள் விஷயத்தில் உருப்படியான ஆதாரம் இல்லை. சுத்தியலால் தட்டிக்கொள்ளும் வீடியோக்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதையெல்லாம் தாண்டி, ஆபரேஷன்தான் என்று முடிவெடுத்தால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: எனக்கு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனில் தெரிவது எலும்பா, தசையா? நரம்பு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது? ஆரம்பத்திலிருந்து கடைசித் தையல் வரை நீங்களேதான் செய்வீர்களா? மயக்க டாக்டர் யார், நான் கண் விழிக்கும் வரை அறையில் இருப்பாரா? ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும், ஐ.சி.யூ. இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா?