முகவரி இல்லாத விண்ணப்பம்

மலைநாட்டுப் பிள்ளைகள் படித்த கதை – 9

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று ஒரு லயமே எப்படிக் கொண்டாடியது என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள், இனிக் கவலையில்லை என்றுதான் அன்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பட்டம் முடிந்த பிறகு, "நான் ஆய்வு செய்யப் போகிறேன்" என்று அதே பிள்ளை சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது இந்த வாரக் கதை.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், மழை விட்ட ஒரு பின்னேரம் அந்தக் காம்பராவுக்குப் போயிருந்தேன். வரலாற்றில் பட்டம் முடித்த பிள்ளை, கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை விரித்து வைத்திருந்தாள். பிறப்பத்தாட்சிப் பத்திரம், பெறுபேற்றுத் தாள்கள், கிராம உத்தியோகத்தர் கடிதம், அம்மாவின் மூன்று மாதச் சம்பளத் துண்டு. வெளிநாட்டு முதுநிலைப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தது. அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து இடுப்புப் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டார். விரலெல்லாம் கொழுந்துக் கறை.

"எங்க புள்ள கையெழுத்து வெக்கணும்?"

"கையக் கழுவிட்டு வாங்கம்மா. அதுக்கு முன்னுக்கு பேர் சரியான்னு பாக்கணும்."

பேர் சரியில்லை. இது அந்த ஒரு வீட்டுக் கதையல்ல. லெச்சுமி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் 'லெச்சுமி', அடையாள அட்டையில் 'லக்ஷ்மி', மகளின் பிறப்பத்தாட்சியில், காதில் விழுந்தபடி சிங்களத்தில் பதிந்ததைத் திரும்பத் தமிழாக்கியதில், 'லெட்சிமி'. மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஹட்டனுக்குப் போக வேண்டும். ஒரு நாள் போனால் ஒரு பேர் போய்விடும். தோட்டத்தில் ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

பெயருக்கு அடுத்தபடி முகவரி. லயத்து வீட்டுக்கு இலக்கமும் இல்லை, வீதியும் இல்லை. பல தோட்டங்களில் கடிதம் வந்து இறங்குவது தோட்ட ஆபீசில். அங்கிருந்து யாராவது டிவிசனுக்குக் கொண்டுவந்து, கைமாறி, வீட்டுக்குச் சேர்வதற்குள் நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்துவிட்ட கதைகள் மலையகத்தில் தோட்டத்துக்கு ஒன்று உண்டு. அதனால் பிள்ளைகள் டவுனில் தெரிந்த கடையின் முகவரியைக் கொடுப்பார்கள். இவளும் 'மேற்பார்த்து' என்று போட்டு ஒரு புத்தகக் கடையின் பெயரைத்தான் எழுதினாள். மின்னஞ்சல் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வங்கிக் கடிதமும் பல்கலைக்கழகச் சான்றிதழும் பதிவுத் தபாலும் இன்றைக்கும் காகிதமாகத்தான் வருகின்றன.

இந்தச் சனத்தின் தலைவிதியைக் காகிதங்கள் எழுதிவந்தது நெடுங்காலக் கதை. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக்கொடுத்த 'துண்டு' இல்லாமல் ஒரு காலத்தில் தோட்டம் மாற முடியாது. 1921இல்தான் அது ஒழிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், தொடர்ந்து இங்கேயே இருந்ததைக் காகிதத்தில் காட்டு என்றது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. பாட்டன் பெயர் ஓர் எழுத்து மாறியதால் நாடில்லாமல் போன குடும்பத்தின் பேத்தி, இன்று அதே ஓர் எழுத்துக்காகச் சத்தியக் கடதாசி முடிக்கிறாள். எனக்கு அது தாங்கவில்லை.

உதவியும் ஒரு காகிதமாகத்தான் வந்தது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு கல்வி நிதியம் 1947இல் தொடங்கப்பட்டது. சீவெட் என்று ஆங்கில எழுத்துக்களால் அழைக்கப்படும் அந்த நிதியம் இன்றும் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் பொறுப்பில், உயர்தரம் படிப்போருக்கும் பல்கலைக்கழகம் போவோருக்கும் உதவிப்பணம் கொடுத்துவருகிறது. ஆண்டைக் கவனியுங்கள். இலங்கை சுதந்திரம் பெறுவதற்கும் முந்தியது. அதைப் பெற வேண்டியவர்கள் அடுத்த ஆண்டே நாடற்றவர்களானார்கள், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கு பிரித்துக் கப்பலேற்றியது. நிதியம் மட்டும் நின்றது. தொகை பெரிதல்ல. ஆனாலும் இன்று ஐம்பது வயது தாண்டிய மலையக ஆசிரியர்களிடம் பேசிப் பாருங்கள். முதன்முதலாகத் தங்கள் பெயருக்கு வந்த காசோலை அதுதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவி நுவரெலியா மாவட்டத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் கொண்டுவந்தது. ஜேர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழும்பியது. இப்போது மஸ்கெலியாவில், வெளிநாட்டு நன்கொடையில் 2010 முதல் இயங்கும் டீ லீஃப் விஷன் நிலையம் தோட்டத்து இளைஞருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறது. கட்டடம், ஆசிரியர், ஆங்கிலம் எல்லாம் தேவையானவையே. அவற்றைப் பற்றி முன் வாரங்களில் விரிவாகவே எழுதிவிட்டேன்.

என் மனதை அரிப்பது வேறொன்று. கொடுக்கிறவர்கள் எல்லோரும் படிக்கிற பிள்ளையின் செலவைக் கணக்கெடுக்கிறார்கள். விடுதி, சாப்பாடு, புத்தகம், பஸ் காசு. 1981இல் வந்த மகாபொல புலமைப்பரிசிலும் அந்தக் கணக்குத்தான். நெடுநாள் மாதம் 5,000 ரூபாயாக இருந்தது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்ந்தது. அதோடு கல்வி நிதியத்தின் உதவியும், வீட்டிலிருந்து வருவதும், அம்மாவின் சீட்டுக் காசும் சேர்ந்தால் மூன்று நான்கு ஆண்டுகளை எப்படியோ இழுத்துப் பிடித்து முடித்துவிடலாம். முடிக்கிறார்கள்.

பட்டம் கையில் வந்த அடுத்த மாதம் கணக்கு மாறுகிறது. அதுவரை பிள்ளைக்காகச் செலவழித்த வீடு, இனிப் பிள்ளை தரப்போவதை எதிர்பார்க்கிறது. அதில் பேராசை ஒன்றுமில்லை. 2024இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750. பல மாதங்களில் அத்தனை நாள் கிடைப்பதில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர். தம்பி சாதாரண தரத்தோடு நிறுத்திக்கொண்டு கொழும்பில் ஒரு கடைக்குப் போயிருப்பான், அக்காவைப் படிக்க வைக்க. அந்த வீட்டில் இருந்துகொண்டு, ஆசிரியர் நியமனத்துக்குப் போட்டிப் பரீட்சை எழுதாமல், "இன்னும் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் ஆய்வு செய்யப் போகிறேன்" என்று சொல்வதற்கு நெஞ்சுரம் மட்டும் போதாது.

பொகவந்தலாவைப் பிள்ளை சொன்னாள்: "எனக்கு ஸ்கொலர்ஷிப் கெடச்சா நான் சாப்பிட்டுக்குவேன் சேர். அம்மாவுக்கு யார் குடுப்பா?"

நன்கொடையாளர்கள் காதில் விழ வேண்டிய கேள்வி இதுதான். ஆய்வுக்குப் போகும் முதல் தலைமுறைப் பிள்ளைக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகட்டும், வெளிப்படையாகவே, வராமல் போன சம்பளத்துக்கு ஈடாக. தம்பி படிப்பை விட்ட கடனையாவது அது கொஞ்சம் தீர்க்கும். புலமைப்பரிசிலின் வாசல் வரை போவதற்கே காசு வேண்டும் என்பதையும் கொடுக்கிறவர்கள் அறிய வேண்டும். கொமன்வெல்த் பகிர்வுப் புலமைப்பரிசில் போன்றவை வசதியற்றவர்களுக்கென்றே இருக்கின்றன. ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கேட்கும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக்கு ஒரு தடவை உட்காரும் கட்டணமே அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். தமிழ் மொழிமூலம் பட்டம் முடித்தவள் ஒரே தடவையில் தேறுவாள் என்று யாரும் சொல்ல முடியாது. முன்மொழிவை வாசித்துத் திருத்திக்கொடுக்க, தானே ஆய்வு செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் வேண்டும். கொழும்பில் ஒரு வீட்டில் அப்பாவே அதைச் செய்துவிடுவார்.

அப்படி என்ன ஆய்வு அவசரம், முதலில் ஒரு வேலையில் அமரட்டுமே என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் உண்டு. அவர்களைத் தலவாக்கலைக்குக் கூட்டிப்போக எனக்கு ஆசை. சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1925இல் அமைக்கப்பட்டது. செடிக்கு என்ன உரம், எப்போது கவ்வாத்து, 1946இல் வந்த கொப்புள நோய்க்கு என்ன மருந்து என்று தலைமுறை தலைமுறையாக அங்கே ஆராய்கிறார்கள். நல்ல வேலை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் செடியைச் சுற்றி வாழ்ந்த மனிதரைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியது. ஆஞ்சலா லிட்டில் 1999இல் தோட்டக் கல்வி பற்றி வெளியிட்ட நூலை நானும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், நன்றியோடு. நம்மவர்களில் பேராதனையில் பொருளியல் பேராசிரியராக இருந்த மு. சின்னத்தம்பி, கொழும்பில் கல்வியியல் பேராசிரியராக இருந்த சோ. சந்திரசேகரன், திறந்த பல்கலைக்கழகத்தின் ஏ.எஸ். சந்திரபோஸ் என்று பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் பட்டியல் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் கற்பித்து அறுபதுகளில் ஒரு தலைமுறையையே எழுதவும் கேட்கவும் வைத்த இர. சிவலிங்கம், பிறகு கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் இழந்த ஆசிரியர்களின் கணக்கும் எழுதப்படவில்லை.

பொகவந்தலாவைப் பிள்ளை ஆய்வுக்கு எடுத்த தலைப்பு செக்ரோல். பழைய தோட்ட ஆபீசுகளில், ஸ்டோர் மேல்மாடிகளில் கறையான் தின்றுகொண்டிருக்கும் கனத்த ஏடுகள். யார் எத்தனை பேர் போட்டார்கள், எந்த மாதம் எவள் பிள்ளை பெறப் போய் எத்தனை நாளில் திரும்பி மலையேறினாள், கடையில் எவ்வளவு கடன் பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கிறது. ஒருவர் எப்படி மூன்று எழுத்தில் மூன்று பேரானார் என்பதும் அதில்தான் இருக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய அறிக்கைகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். போய்வர பஸ் காசு, தங்கும் செலவு, பிரதி எடுக்கும் கட்டணம் என்று பக்கத்தில் பென்சிலால் கூட்டிப் பார்த்திருந்தாள். கூட்டியதை ஒரு முறை அழித்துவிட்டுக் குறைத்தும் எழுதியிருந்தாள்.

அம்மா கை கழுவி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கறை போகவில்லை. தாளில் படாமல் பேனையை நுனியில் பிடித்து, அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து, அதில் உள்ளபடியே தன் பெயரை எழுதினார். எழுதி முடித்து, "இது என்ன பேரு, என்னய யாரும் இப்புடிக் கூப்புட்டதில்லையே" என்றார்.

சத்தியக் கடதாசிக்குச் சனிக்கிழமை ஹட்டன் போவதாக முடிவானது. சனிக்கிழமை அரைநாள் கொழுந்து உண்டு. "பரவால்ல, கங்காணிகிட்ட சொல்லிக்கிறேன்" என்று அம்மா படங்கை மடித்து வைத்தார்.