இளஞ்சிவப்பான ஒரு நாடாத் துண்டு

வாஞ்சி மணியாச்சி சந்திப்பில் ரயிலுக்காகக் காத்திருப்பது எங்கள் பகுதியினருக்குப் பழகிய ஒன்று. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி என மூன்று திசைக்கும் பாதை பிரியும் இடம் அது. கடந்த ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை, என் அக்காவின் பழுதான திறன்பேசியைப் பையில் வைத்துக்கொண்டு அந்த நடைமேடையில் இறங்கினேன். திருநெல்வேலியில் உள்ள சேவை மையத்தில் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியின் மேலிருந்த எண்ணைக் கணினியில் தட்டிய இளைஞர், “இது சிங்கப்பூர் பீஸ் சார், இங்கே வாரன்ட்டி கிடையாது” என்று சொல்லி அடுத்தவரை அழைத்துவிட்டார்.

அக்காவின் மகன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறான். ஆனி மாதக் கடைசியில் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அந்தத் திறன்பேசியை வாங்கி, ஆடியில் கோயில் கொடைக்கு வந்தபோது தன் தாயின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். இரவு எட்டு மணிக்கு அவன் முகத்தை அதில் பார்ப்பதுதான் அக்காவின் நாள் முடிவு. நான்காவது மாதம், மென்பொருள் புதுப்பித்தல் ஒன்று நடந்த மறுநாள், திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. ஒரு வாரத்தில் திரை முழுதும் இருண்டது.

கரிசல் காட்டில் இருந்து வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் இல்லாத தெரு இன்று குறைவு. அவர்கள் கொண்டுவரும் கைப்பேசியும் மடிக்கணினியும் பழுதானால் என்ன செய்வது என்பது பலருக்கும் தெரிவதில்லை. எனக்கும் தெரியாது. ஆறு மாத காலம் அலைந்து, சட்டங்களைப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

யார் கொடுத்த வாக்கு?

முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஒரே பெயர்ப்பலகை, ஒரே முத்திரை. சிங்கப்பூரில் விற்றால் என்ன, திருநெல்வேலியில் விற்றால் என்ன என்று தோன்றியது. ஆனால் அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரே நிறுவனம் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. உத்தரவாதத்துக்கான செலவு அந்தந்த நாட்டு விற்பனை விலையிலேயே அடங்கியிருக்கிறது. அலைக்கற்றைக்கு ஏற்ப உள்ளிருக்கும் பாகங்களும் சில மாதிரிகளில் மாறுகின்றன. ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் விற்கும் வணிகத்தைத் தடுப்பதும் இந்த ஏற்பாட்டின் நோக்கங்களில் ஒன்று. மடிக்கணினிகளில் பல, உலக அளவிலான உத்தரவாதத்துடன் வருகின்றன. திறன்பேசிகளில் அது அரிது.

ஆகவே, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும், யாரும் படிக்காத அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. பன்னாட்டு உத்தரவாதம் என்று அதில் இருந்தால், இந்தியச் சேவை மையம் மறுப்பது சேவைக் குறைபாடு என்று இங்கேயே வாதிடலாம். ‘வாங்கிய நாட்டில் மட்டும்’ என்றிருந்தால் திருநெல்வேலி இளைஞரிடம் சண்டையிட்டுப் பயனில்லை. எங்கள் தாளில் இரண்டாவதுதான் இருந்தது.

அதைத் திருப்பி அனுப்புவதும் எளிதாக இல்லை. லித்தியம் மின்கலம் உள்ள பொருளைக் கூரியரில் அனுப்ப ஆயிரம் நிபந்தனைகள். மின்கலம் உப்பியிருந்தால் விமானத்தில் ஏற்றவே முடியாது. திரும்பி வரும்போது சுங்க வரிக் கேள்வி வேறு. கடைசியில் எங்கள் ஊர் வழக்கப்படி ‘ஆள் போகிறதா’ என்று விசாரித்து, பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் கையில் கொடுத்துத் திருச்சி வழியாக அனுப்பினோம்.

சிங்கப்பூர்ச் சேவை மையம் அதைத் திறந்து பார்த்தது. இரண்டு நாள் கழித்து மருமகனிடமிருந்து அழைப்பு. “மாமா, உள்ளே தண்ணீர் போயிருக்காம். ஒரு ஸ்டிக்கர் கலர் மாறியிருக்காம். வாரன்ட்டி கேன்சல்ங்கிறாங்க.” திரையை மாற்ற அவர்கள் கேட்ட தொகை, வாங்கிய விலையில் பாதிக்கும் மேல்.

நிறம் மாறும் நாடா

அந்த ஸ்டிக்கர் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். திறன்பேசியின் உள்ளேயும், பல மாதிரிகளில் சிம் அட்டை செருகும் துளையிலும், ஒரு சிறு வெள்ளை நாடா ஒட்டப்பட்டிருக்கும். நீர் பட்டால் அது சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். அது சொல்வது, ‘ஈரம் இங்கே வந்தது’ என்பதை மட்டும். எப்போது வந்தது, எவ்வளவு வந்தது, பழுதுக்கு அதுதான் காரணமா என்பதையெல்லாம் அந்த நாடா சொல்லாது. ஆனால் மறுப்புக் கடிதங்களில் அதுவே சாட்சி, அதுவே தீர்ப்பு.

இதை முதலில் கேள்வி கேட்டது நாம் அல்ல. அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் இந்த நாடாவைக் காட்டி ஐபோன், ஐபாட் டச் ஆகியவற்றின் உத்தரவாதத்தை மறுத்தது தொடர்பாகக் குழு வழக்குகள் தொடரப்பட்டன. காற்றின் ஈரப்பதத்தாலேயே நாடாவின் நிறம் மாறக்கூடும் என்பது வாதம். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 2013இல் 5.3 கோடி டாலர் கொடுத்து அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. இத்தாலியில் இன்னொரு கோணம்: நீர் புகாது என்று விளம்பரம் செய்துவிட்டு, நீர் புகுந்தால் உத்தரவாதம் இல்லை என்பது என்ன நியாயம் என்று அந்நாட்டின் போட்டி ஆணையம் கேட்டது. 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆஸ்திரேலியாவில் இதே போன்ற விளம்பரங்களுக்காக 2022இல் சாம்சங் நிறுவனம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது.

ஐபி67 என்ற தரக்குறியீட்டுக்கு, ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் முப்பது நிமிடம் தாங்கும் என்று பொருள். ஆய்வகத்தின் அசையாத நீரில், புதிய திறன்பேசியை வைத்துச் செய்த சோதனை அது. வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் அது பொருந்தாது. தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஊரில், அடைமழைக் காலத்தில், ஒரு கைப்பேசி எவ்வளவு ஈரக்காற்றை உட்கொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அக்காவிடம் கேட்டேன். “தண்ணியில போடவே இல்ல தம்பி. களை எடுக்கப் போகும்போது மடியில முடிஞ்சிருப்பேன், அவ்வளவுதான்” என்றாள். மடியில் வியர்வை இருந்திருக்கும். நடந்தது என்ன என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நிறுவனத்தாலும் முடியாது என்பதுதான் இங்கே முக்கியம். இருவருக்கும் தெரியாத ஒன்றை நிரூபிக்க வேண்டிய சுமை யார் தலையில் என்பதே வழக்கின் உயிர்.

கரிசல் விவசாயிகளுக்கு இது புதிய கேள்வி அல்ல. விதை முளைக்கவில்லை என்று புகார் செய்தால், ‘விதையைச் சோதனைக்குக் கொண்டு வா’ என்பார்கள். விதை முழுவதும் மண்ணுக்குள் இருக்கும். ஆந்திர விவசாயிகள் தொடர்பான தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் இதற்குப் பதில் சொன்னது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் விவசாயி சோதனைக்கென மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும் என எதிர்பார்க்க முடியாது என்றும், விவசாயியும் நுகர்வோரே என்றும் அது கூறியது. பொருளைப் பற்றிய அறிவு யாரிடம் அதிகம் இருக்கிறதோ, அவர்தான் விளக்க வேண்டும் என்ற நியாயத்தை நான் அதில் காண்கிறேன்.

சிங்கப்பூரில் கிடைத்த வழி

சிங்கப்பூரில் ‘லெமன் லா’ என்று அழைக்கப்படும் விதிகள் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அந்தக் குறை விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுநீக்கம் அல்லது மாற்றுப் பொருள். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்பப் பெறுதல். தவறாகப் பயன்படுத்தியதால் வந்த சேதத்துக்கு இது பொருந்தாது.

இதில் இரண்டு செய்திகள் எங்கள் கண்ணைத் திறந்தன. உத்தரவாதம் என்பது தயாரிப்பாளர் தானாகக் கொடுக்கும் வாக்கு. சட்டம் தரும் உரிமை அதிலிருந்து தனியானது. முதலாவது ரத்தானாலும் இரண்டாவது ரத்தாகாது. அடுத்தது, இந்த உரிமையைக் கேட்க வேண்டிய இடம் சேவை மையம் அல்ல, பில் போட்ட கடை. மூன்று வாரமாக மருமகன் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். நல்லவேளையாக பில் அவன் பெயரில் இருந்தது. பயன்படுத்தியவர் தாய் என்றாலும் வாங்கியவர் அவனே.

சேவை மையத்திடம் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டான். நாடாவின் படம், உள்ளே அரிப்பு ஏதும் உண்டா என்ற குறிப்பு, பழுதான பாகத்தின் பெயர் ஆகியவற்றையும் கேட்டான். வந்த அறிக்கையில் நாடா மட்டுமே இருந்தது. திரைப் பகுதியில் அரிப்பு இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. அதை இணைத்துக் கடைக்குக் கடிதம் எழுதினான். பதில் வராததால் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் இணையம் வழியே பதிவு செய்தான். 20,000 சிங்கப்பூர் டாலர் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. சிறு தொகைக்கு நுகர்வோர் கட்டணம் 10 டாலர். வழக்கறிஞர் வரக் கூடாது. நாமே பேச வேண்டும். வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவரும் போகலாம். மருமகனுக்கு முதலில் பயம். “இதனால வேலைக்கு ஏதும் வந்திருமோ மாமா?” என்றான். இந்தப் பயம்தான் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலரை வாயடைக்க வைக்கிறது. கடைக்காரரோடு உள்ள பொருள் வழக்கில் முதலாளிக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

மற்ற நாடுகளிலும் வாசல்கள் உண்டு. மலேசியாவில் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் தீர்ப்பாயம் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவரின் சட்டப் பொறுப்பு குறைந்தது இரண்டு ஆண்டு. அமீரகத்துக்கென 2020இல் வந்த தனி நுகர்வோர் சட்டம் இருக்கிறது.

இங்கே வாங்கியிருந்தால்

மணியாச்சியில் இருந்துகொண்டு இந்தியாவில் வாங்கிய பொருளுக்கு மறுப்பு வந்திருந்தால் வழி இன்னும் பக்கம். பழைய 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் செய்ய முடியும். சென்னையில் வாங்கினால் சென்னைக்கு அலைய வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அனுமதிக்கிறது. எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இணையத்தில் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செல்ல வேண்டும். அதற்கு முன்பு 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வது நல்லது. பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

38ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. பரிசோதிக்காமல் குறையை அறிய முடியாது என்றால், ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நிறுவனத்தின் சொந்தப் பணியாளர் எழுதிய அறிக்கைக்கு எதிராக நுகர்வோரிடம் உள்ள வலுவான கருவி இதுவே. சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும், மற்றவற்றை மூன்று மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அந்தக் கெடுவை நம்பி யாரும் நாள்காட்டியில் வட்டமிட வேண்டாம்.

ஆனால் நம் சட்டத்தில் சிங்கப்பூரின் அந்த ஆறு மாத அனுமானம் வெளிப்படையாக எழுதப்படவில்லை. இதைத்தான் நான் குறையாகக் கருதுகிறேன். பழுது நீக்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது, அது வரவேற்கத்தக்கதே. இருந்தாலும், விற்ற சில மாதத்தில் பழுதாகும் பொருளுக்கு விற்றவரே காரணம் சொல்லட்டும் என்ற ஒரு வரி சட்டத்தில் ஏறினால், பாதி மறுப்புக் கடிதங்கள் எழுதப்படாமலேயே போகும்.

மருமகனின் வழக்கு விசாரணை வரை போகவில்லை. பதிவாளர் முன் நடந்த கலந்தாலோசனையில், நாடாவைத் தவிர வேறு சான்று உண்டா என்ற கேள்விக்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை. கட்டணமின்றித் திரையை மாற்றித் தர ஒப்புக்கொண்டார். அவன் கேட்டிருந்த முழுப் பணம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் விடுப்புக்கான சம்பளமும் போயிற்று. மாசி மாதம் ஊருக்கு வந்த வேறொருவர் கையில் திறன்பேசி வந்து சேர்ந்தது. புதிய திரைக்கு மூன்று மாத உத்தரவாதம் என்று உடன் வந்த தாளில் இருந்தது. அக்கா அந்தத் தாளையும் பில்லின் நகலையும் ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறாள். களை எடுக்கப் போகும்போது கைப்பேசியை இப்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறாள்.