யானைமலையும் நமது காமிராவும்

கொடைக்கானலுக்கு இரண்டு நாள் போய் வருகிறவர் ஐந்நூறு படங்களுடன் திரும்புகிறார். ஊட்டிக்குப் போனவரோ ஆயிரம் படங்களுடன் வந்து சேருகிறார். இவ்விருவரும் மதுரைவாசிகளாக இருந்தால், யானைமலையின் படம் ஒன்று அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இராது. மேலூர்ச் சாலையில் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே அந்த மலை தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. நித்தியம் கண்ணில் படுகிற பொருளைப் படம் பிடித்து வைப்பானேன்? மலை எங்கே ஓடிப் போய்விடப் போகிறது?

மலையும் போய்விடக் கூடும் என்பதை மதுரை ஜில்லாவின் சமீப காலச் சரித்திரம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுவோம். நமது ஊர்ப்புறத்து மலையையும் ஆற்றையும் ஏரியையும் அகன்ற காட்சியாகப் படம் பிடிப்பது எப்படி, அதை ஏன் நாமே செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

அகன்ற காட்சிக்குப் பனோரமா என்று பெயர். இந்தப் பெயர் போட்டோக் கலையைவிட மூத்தது. போட்டோ எடுக்கும் வித்தை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ஆம் வருஷத்தில். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1787-இல், ராபர்ட் பார்க்கர் என்னும் சித்திரக்காரர், பார்ப்பவரைச் சுற்றி நாற்புறமும் வளைந்து நிற்கும் பெருஞ்சித்திரங்களை அமைக்கும் முறைக்குப் பிரிட்டனில் உரிமை பெற்றார். இந்த வித்தை வெகு சீக்கிரத்தில் நம் தேசத்தின் பக்கமும் திரும்பியது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். மறு வருஷமே ராபர்ட் கெர் போர்ட்டர் என்பவர் அந்தக் கோட்டை பிடிபட்ட காட்சியை 120 அடி நீளத்தில் தீட்டி லண்டனில் வைத்தார். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். சித்திரக்காரரோ அதுவரை இந்தியாவில் காலெடுத்து வைத்தவர் அல்லர்! பிறர் சொல்லக் கேட்டுத் தீட்டிய ஸ்ரீரங்கப்பட்டணத்தைத்தான் அந்த ஊர் ஜனங்கள் உண்மையென்று கண்டு களித்தார்கள்.

ஆனால் எல்லாரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. நேரில் வந்து, வெயிலில் நின்று, பொறுமையோடு படம் பிடித்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப். ராணுவ உத்தியோகஸ்தராயிருந்த இவர், 1856-இல் சென்னை ராஜதானியின் அரசாங்கப் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். பெரிய காமிராவையும் மருந்துச் சாமான்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, 1858-ஆம் வருஷத் தொடக்கத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்தார். மெழுகூட்டிய காகிதத்தில் நெகட்டிவ் தயாரித்து, கோவிலையும் நாயக்கர் மஹாலையும் வைகையின் குறுக்கே கிடந்த தாம்போதியையும் எடுத்தார். யானைமலையையும் விடவில்லை. அந்த மலைக்கு எடுக்கப்பட்ட மிகப் பழைய போட்டோக்களில் அவருடையதும் ஒன்று.

அவ்வருஷமே தஞ்சையில் அவர் செய்த காரியம் இன்னும் விசேஷமானது. பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் கல்லெழுத்துக்கள் ஓடுகின்றன அல்லவா? அவற்றைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். நம் நாட்டில் எடுக்கப்பட்ட பழைய அகலப் படங்களில் அதற்குத் தனி இடம் உண்டு. 1859-இல் புதிதாக வந்த கவர்னர் டிரெவெலியன், அரசாங்கத்துக்குப் போட்டோ ஓர் ஆடம்பரம் என்று கருதி அந்த வேலையை நிறுத்திவிட்டார். டிரைப்பின் படங்கள் இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையிலும் பத்திரமாயிருக்கின்றன. இணையத்தின் வாயிலாக வீட்டிலிருந்தபடியே அவற்றைக் காணலாம்.

டிரைப் செய்ததில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அகலப் படத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நின்ற இடத்தில் நின்று காமிராவைத் திருப்புவது. மலைக்கும் ஏரிக்கும் இதுவே ஏற்றது. மற்றொன்று, நீண்ட சுவரின் முன்னால் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து எடுப்பது. கல்லெழுத்துக்கும் தூண் வரிசைக்கும் இதுவே தகும். இரண்டையும் கலந்துவிட்டால் படங்கள் ஒட்டமாட்டா.

இப்பொழுது எல்லாருடைய கைபேசியிலும் பனோரமா எடுக்கும் வசதி வந்துவிட்டது. மெதுவாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்பினால் போதும், அதுவே ஒட்டிக் கொடுத்துவிடும். ஆயினும் அந்தப் படத்தில் யானைமலையைப் பார்த்தால் நமக்கு ஏமாற்றமே உண்டாகும். நேரில் வானளாவி நின்ற பாறை, படத்தில் எறும்புப் புற்றுப் போல் கிடக்கும். இதற்குக் காரணம் லென்ஸ். கைபேசியின் சாதாரண லென்ஸ் மிக அகன்ற பார்வை உடையது. ஆகாயமும் தரையும் படத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட, தூரத்திலுள்ள மலை சிறுத்துப் போகிறது. அகலம் வேண்டுமென்றால் அகன்ற லென்ஸை நாடக் கூடாது. குறுகிய பார்வையுள்ள லென்ஸால் பல துண்டுகளாக எடுத்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் மலைக்கு அதன் கம்பீரம் திரும்பும்.

கணக்கும் எளியது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி நெட்டுவாக்கில் பிடித்தால், ஒரு படம் சுமார் 27 பாகை அகலத்தைக் காட்டும். ஒவ்வொரு படமும் முந்தியதன் மேல் மூன்றில் ஒரு பங்கு படிய வேண்டும். ஆகவே படத்துக்கு 18 பாகைதான் புதிதாகக் கிடைக்கும். அரைவட்டக் காட்சிக்குப் பத்துப் படங்கள் எடுத்தால் சரியாயிருக்கும். கைபேசியிலும் இரண்டு மடங்கு பெரிதாக்கி, நெட்டுவாக்கில் பிடித்து, இவ்விதமே தனித்தனியாக எடுக்கலாம். ஒட்டும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முதற்படத்துக்கு வைத்த வெளிச்ச அளவையும் வர்ண அளவையும் குவியத்தையும் கடைசிப் படம் வரையில் மாற்றலாகாது. மாற்றினால் வானம் கட்டம் கட்டமாக ஒட்டுப் போட்ட துணிபோல் தோன்றும். காமிராவை முக்காலியில் மட்டமாக நிறுத்த வேண்டும். இல்லையேல் அடிவானம் சரிந்துகொண்டே போகும். கையை நீட்டிக் காமிராவை வீசித் திருப்புவதும் தவறு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகத்துக்கு நேரே விரலை நிறுத்தித் தலையைத் திருப்பிப் பாருங்கள். விரல் தூரத்து மரத்தைவிட்டு விலகுவது தெரியும். அதுபோலவே, கிட்டத்தில் ஒரு தூணோ பனைமரமோ இருந்தால், லென்ஸ் இடம் மாறாமல் அதன் மேலேயே காமிரா சுழல வேண்டும். கிட்டத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் இந்தக் கவலை இல்லை.

மதுரையைச் சுற்றி இதற்கு வாய்த்த இடங்கள் அநேகம். நகரத்துக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர்மலை இருக்கிறது. அடிவாரத்தில் அய்யனார் கோவிலும் ஆலமரங்களும் தாமரைக் குளமும். மேலே பாறையில் ஆயிரம் வருஷத்துக்கு முன் செதுக்கிய சமணத் திருவுருவங்கள். உச்சியில் நின்று தெற்கிலிருந்து வடக்காகத் திரும்பினால், திருப்பரங்குன்றம், மீனாட்சி கோவிலின் கோபுரங்கள், அவற்றுக்கு அப்பால் யானைமலை, அழகர்மலை, கடைசியில் படமெடுத்து நீண்டு கிடக்கும் நாகமலை, எல்லாம் வரிசையாக வரும். கிழக்கு நோக்கிய காட்சியாதலால் மாலை நாலு மணிக்கு மேல், வெயில் நம் முதுகுப் பக்கம் வரும் வேளைதான் உத்தமம். மதுரைப் பக்கமிருந்து யானைமலையை எடுப்பவர்களுக்கும் அவ்வேளையே தகும். காலையில் எடுத்தால் யானை கறுப்பு நிழலாகத்தான் வரும். அதுவும் ஓர் அழகுதான்.

திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம் வேறு ஒரு பாடம் கற்பிக்கும். ஒரு கரையின் நடுவில் நின்று இரு பக்கமும் திருப்பி எடுத்தால், நூல் பிடித்தாற்போல் நேராக உள்ள கரை படத்தில் வில்லாக வளைந்துவிடும். வட்டமாகச் சுற்றிக் கண்டதைத் தட்டையாக விரிப்பதால் ஏற்படும் விளைவு இது. காமிராவின் கோளாறு அன்று. நேர்கோடுகள் நேராகவே வேண்டுமானால், குறைந்த அகலத்தோடு திருப்தியடைய வேண்டும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். பங்குனி முதல் ஆனி வரையில் புழுதியும் புகையும் தூரத்து மலைகளை மறைத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஆகாயம் கழுவி விட்டதுபோல் இருக்கும். கண்மாய்கள் நிறைந்து, வயல்கள் பச்சையாகி, மலைப்பாறையில் நீர் வழிந்த கோடுகள் கூடத் தெளிவாகத் தெரியும். இங்கேதான் உள்ளூர்க்காரருக்கு உள்ள பெரும்பாக்கியம் விளங்குகிறது. டிரைப் யானைமலையைக் கண்டது தை, மாசி வெளிச்சத்தில். அப்புறம் அவர் போய்விட்டார். நாமோ பன்னிரண்டு மாதமும் இங்கேயே இருக்கிறோம். எந்த நாள் நல்ல நாள் என்று காத்திருந்து பிடிக்கக் கூடியவர்கள் நாம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரைப் காலத்து நெகட்டிவில் வானம் வெறும் வெளுப்பாகவே விழுந்தது. அவர் அதன்மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். இன்று அதே வேலையைக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்து விடுகிறது. இல்லாத மேகத்தை வரவழைக்கிறது. இருக்கிற மின்கம்பத்தை மறைக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்ட அப்படி ஒரு பிரதி இருந்தால் குற்றமில்லை. ஆனால் எடுத்தபடியே உள்ள மூலப் படத்தை அழிக்காமல் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் ஊர்ப் படம் அழகுக்கு மட்டும் உரியதன்று, சாட்சிக்கும் உரியது.

முன்னே குறிப்பிட்ட சரித்திரத்துக்கு வருவோம். மேலூர்த் தாலுகாவில் கிரானைட் கல்லுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டன. ஒரு காலத்தில் மேடாக இருந்த இடங்களில் இன்று ஆழமான குழிகள் நீர் நிறைந்து கிடக்கின்றன. சட்டவிரோதமாக நடந்த குவாரிகளைப் பற்றி 2012-இல் அப்போதைய மதுரைக் கலெக்டர் உ. சகாயம் அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பினார். 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. அந்தக் குன்றுகள் முழு உருவத்தோடு நின்ற காலத்தில், அவற்றை நாற்புறமும் படம் பிடித்துத் தேதி எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

அதே தாலுகாவில் அரிட்டாபட்டி இருக்கிறது. சமணப் படுக்கைகள், தமிழ் பிராமி எழுத்து, பாண்டியர் காலக் குடைவரைக் கோவில், வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகள் எல்லாம் உள்ள இடம். 2022-ஆம் வருஷம் நவம்பரில், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024 நவம்பரில் அச்சுற்று வட்டாரத்தையே டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விட்ட செய்தி வந்தது. கிராமத்து ஜனங்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மதுரை வரையில் ஊர்வலமாக வந்தார்கள். அம்மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. மலை பிழைத்தது. தங்கள் மலையை அங்குலம் அங்குலமாக அறிந்த ஜனங்கள் இருந்தபடியால் பிழைத்தது.

தூரத்து நகரத்தில், பூமிப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு முடிவு செய்கிறவர்களுக்கு ஒரு மலை என்பது சில கோடுகளும் ஓர் எண்ணும்தான். அம்மலையைக் காலையிலும் மாலையிலும், வெயிலிலும் மழையிலும், வருஷா வருஷம் எடுத்த படங்கள் இருந்தால், அவற்றை எதிரே விரித்து வைக்கலாம்.

ஆகையால் நேயர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, முடிந்தால் மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரு முறை, அதே இடத்தில் நின்று அதே காட்சியை எடுங்கள். இடத்தை மறக்காதிருக்க வழி உண்டு. கிட்டத்திலுள்ள ஒரு பாறையும் தூரத்திலுள்ள ஒரு சிகரமும் எந்த இடத்தில் நின்றால் ஒரே நேர்கோட்டில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு ஜோடி இருந்தால் அடி பிசகாமல் அங்கேயே வந்து நிற்கலாம். டிரைப் நின்ற இடங்களையுங்கூட இம்முறையில் தேடிக் கண்டுபிடிக்கலாம். படத்தோடு தேதி, மணி, இடம், திசை, லென்ஸ் ஆகியவற்றை எழுதுங்கள். ஆடு மேய்க்கிற பெரியவர்களிடம் படத்தைக் காட்டி, ஒவ்வொரு முகட்டுக்கும் பாறைக்கும் ஊற்றுக்கும் என்ன பெயர் என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெயர்களில் பல எந்தப் பூமிப் படத்திலும் இல்லை. பிரதி ஒன்றை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நூல் நிலையத்துக்கோ கொடுத்து வையுங்கள்.

யானைமலையின் பழைய படத்தைக் காண இன்று நாம் லண்டன் காட்சிசாலையின் தயவை நாட வேண்டியிருக்கிறது. இன்னும் 100 வருஷம் சென்று இந்த வருஷத்து யானைமலையைப் பார்க்க விரும்புகிறவர்கள், ஒத்தக்கடையிலோ நரசிங்கத்திலோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் போதும் என்று ஆகட்டும். அடுத்த மழை ஓய்ந்த மறுநாள் அதற்கு நல்ல நாள்.