வாளி நிறைகிறது, குழாய் வறள்கிறது

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் பிரித்து இரண்டு நாள் வெளியே வைத்துப் பாருங்கள். மொறுமொறுவென்று இருந்தது பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய்தான். ஆயினும் காற்றின் ஈரத்துக்கு அது தப்புவதில்லை. வெல்லம் காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால், அடைமழை நாளில் மருந்து முக்கிய குச்சி காயாமல் கிடந்த கதையைச் சொல்வார்கள். அத்தொழில் இப்பகுதியில் வேரூன்றியதற்கு இங்குள்ள வறண்ட வானிலையும் ஒரு காரணம் என்பதை நாம் அறிவோம். அப்படிப்பட்ட கரிசல் ஊரில் பிறந்த எனக்கு, காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்க ஓர் இயந்திரம் உண்டு என்பதே வேடிக்கையாகத்தான் இருந்தது. அதைச் சென்ற கார்த்திகையில் தூத்துக்குடியில் பார்த்தேன்.

பெரியப்பா மகள், அதாவது என் அக்கா, அங்கே கடலுக்கு அருகில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் குடியிருக்கிறாள். மழைக்காலம் வந்தால் சுவரில் பூஞ்சை பூக்கும். பெட்டியில் வைத்த துணி வாடை அடிக்கும். அவளுடைய நான்கு வயதுப் பையனுக்கு இழுப்பு உண்டு. படுக்கும் அறையை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொன்னதால், அத்தான் யாரோ வீடு காலி செய்தபோது விற்ற ஈரமகற்றி ஒன்றை வாங்கி வந்தார். கடைக்காரர்கள் அதை ‘டீஹியுமிடிஃபையர்’ என்கிறார்கள். வாங்கிய சில வாரங்களிலேயே தொல்லை தொடங்கிற்று. இரவு பத்து மணிக்குப் போட்டால் இரண்டு மணிக்கு அதன் உள்வாளி நிறைந்து, சிவப்பு விளக்கு எரிந்து, இயந்திரம் தானாக நின்றுவிடும். வாளி நிறையாமல் நீர் வெளியே போவதற்கென்று பின்பக்கம் ஒரு குழாயும் மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு சொட்டு வருவதில்லை. அக்கா தூக்கத்தில் எழுந்து வாளியைக் கொட்டுவாள். எழாத நாளில் விடியற்காலையில் பையனுக்கு மூச்சு இழுக்கும்.

வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர், கேஸ் இறங்கிவிட்டது, அதை ஏற்றினால்தான் சரியாகும் என்று சொல்லிச் சில ஆயிரங்கள் கேட்டாராம். அக்கா எனக்குப் போன் செய்து, “தம்பி, நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, ஒருதரம் வந்து பாரேன்” என்றாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப்படி ஏறியவன் நான் ஒருவன்தான். பரீட்சைக்குப் போகும்போது வராத நடுக்கம் அன்று பஸ் ஏறும்போது வந்தது.

இக்கருவியின் அமைப்பைச் சற்றுக் காண்போம். குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். காற்று தன் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீராகிவிடுகிறது. ஈரமகற்றிக்குள் இருப்பதும் வியர்க்கும் ஒரு செம்புதான். உள்ளே இரண்டு சுருள்கள் இருக்கின்றன. கம்ப்ரசர் ஒன்றைக் குளிர்விக்கிறது, மற்றொன்றைச் சூடாக்குகிறது. விசிறி அறைக்காற்றை முதலில் குளிர்ந்த சுருளின் மீது இழுக்கிறது. அங்கே நீர் படிந்து கீழே ஒரு தட்டில் சொட்டுகிறது. ஈரமிழந்த காற்று சூடான சுருளைக் கடந்து அறைக்குத் திரும்புகிறது. (எனவே இது ஏ.சி. அன்று, அறை சற்றுச் சூடாகத்தான் செய்யும். அத்தான் இதை முதலில் ஒரு கோளாறென்று நினைத்திருந்தார்.) தட்டிலிருந்து நீர் குழாய் வழியாகப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால், அக்கா வீட்டுக் கருவியில், தட்டு வழிந்து வாளியில் விழும். வாளிக்குள் ஒரு மிதவை உண்டு. நீர் ஏறினால் மிதவையும் ஏறி, ஒரு ஸ்விட்சைத் தள்ளி, இயந்திரத்தை நிறுத்திவிடும்.

நீர் வடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். நீரே உண்டாகாமல் இருக்கலாம். உண்டான நீர் வெளியேற வழியில்லாமல் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. கேஸ் இறங்கினால் சுருள் குளிராது. சுருள் குளிராவிட்டால் நீர் உண்டாகாது. அக்கா வீட்டிலோ நான்கு மணி நேரத்தில் வாளி நிறைகிறது! கம்ப்ரசர், கேஸ், விசிறி மூன்றும் தத்தம் வேலையைச் செய்கின்றன என்பதற்கு அந்த வாளித் தண்ணீரைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பஸ்ஸிலேயே எனக்கு இது தோன்றிவிட்டது. ஆகவே கோளாறு தட்டுக்கும் குழாய் நுனிக்கும் இடையில்தான் இருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது; அத்தான் எதிரில் நின்றதால் அடக்கிக்கொண்டேன். கருவியின் வடிகால் துளை தரையிலிருந்து சுமார் ஓர் அடி உயரத்தில் இருந்தது. அதில் மாட்டிய குழாயை இரண்டரை அடி உயரத்திலிருந்த ஜன்னல் கட்டையின் மேல் ஏற்றி வெளியே விட்டிருந்தார்கள். இக்கருவியில் பம்பு கிடையாது. (பம்பு வைத்தவை தனியாக வருகின்றன.) புவியீர்ப்பு ஒன்றை நம்பியே நீர் வடிகிறது. குழாய்க்குள் தட்டின் மட்டம் வரைதான் நீர் ஏறும். அதற்கு மேல் ஏறாது. மிச்சம் தட்டில் தேங்கி வாளிக்குள் வழிகிறது.

சைஃபன் தத்துவப்படி மேட்டைத் தாண்டியும் நீர் போகுமே என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அதைக் கொஞ்சம் யோசித்தேன். சைஃபன் வேலை செய்ய வேண்டுமானால் குழாய் முழுவதும் முதலில் நீர் நிரம்பியிருக்க வேண்டும். நாம் வாயால் உறிஞ்சித் தொடங்கி வைத்தாலும், சொட்டுச் சொட்டாக வரும் நீர் அதற்கு ஈடுகொடுக்காது; தட்டு காலியான கணத்தில் காற்றுப் புகுந்து தொடர் அறுந்துவிடும்.

குழாயை ஜன்னலிலிருந்து எடுத்து, கதவோரமாகக் குளியலறைச் சாக்கடைத் துளைக்கு விட்டோம். கருவியை ஒரு தடித்த பலகைப் பெஞ்சின்மேல் ஏற்றினோம். நான்கு அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு இருக்கும்படி குழாயை ஆங்காங்கே கட்டினோம். நடுவில் தொய்வு விழக்கூடாது. தொய்ந்த இடத்தில் நீர் தங்கி, அதற்கும் தட்டுக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். சொட்டு நீருக்கு அந்தக் காற்றைத் தள்ளும் வலு இராது. குழாயின் நுனியை ஒரு பக்கெட் தண்ணீரில் மூழ்க வைத்தாலும் இதே கதைதான். நுனி எப்போதும் திறந்த காற்றில் தொங்க வேண்டும்.

இரவு இயந்திரத்தைப் போட்டுவிட்டுப் பெருமையோடு படுத்தேன். மூன்று மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. குழாயில் நாலு சொட்டு வந்திருந்தது, அவ்வளவுதான். அக்கா ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

காலையில்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வடிகட்டியைக் கழற்றி, சுருளின் அடிப்பக்கம் நனையும்படி ஒரு தம்ளர் நீரை மெதுவாகத் தட்டில் விட்டேன். (சில கருவிகளில் பின்மூடியைக் கழற்றினால்தான் தட்டுத் தெரியும். மின்பகுதிகளில் தெறிக்கவே கூடாது.) ஊற்றிய நீர் உடனே குழாய் நுனியில் வந்தால் வடிகால் நலம். வரவில்லை. குழாயைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் துளையில் சொட்டுத்தான் வந்தது. ஆகவே அடைப்பு குழாயில் இல்லை, துளையின் வாயில். ஒரு தென்னை ஈர்க்கை விட்டுக் கிளறினேன். மூக்குச்சளி போன்ற வழவழப்பான பொருள் விரல்நீளம் வந்தது. காற்றுத் தூசியும், ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அப்படி ஆகின்றன. ஏ.சி. மாட்டிய வீடுகளில் உட்புறச் சுவரில் நீர் வழிவதற்கும் பெரும்பாலும் இந்தச் சளிதான் காரணம். துளை திறந்ததும் தட்டில் நின்ற நீர் கடகடவென்று இறங்கிற்று. வெதுவெதுப்பான நீரில் சோப்புக் கரைத்துத் தட்டையும் குழாயையும் கழுவினோம். அத்தான் பிளீச்சிங் பவுடரும் வினிகரும் சேர்த்து ஊற்றலாமா என்றார். கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இழுப்புள்ள பிள்ளை படுக்கும் அறை அது.

வடிகட்டி வலையில் தூசி கம்பளி போல அப்பியிருந்தது. அதையும் கழுவினோம். வலை அடைபட்டால் சுருளுக்குக் காற்றுப் போதாது. சுருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பனிக்கட்டி கட்டும். இயந்திரம் நிற்கும்போது அத்தனையும் ஒரே நேரத்தில் உருகித் தட்டை மூழ்கடிக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் வலை சுத்தமாக இருந்தாலும் பனி கட்டும். வலையும் சுத்தம், விசிறியும் ஓடுகிறது, அறையும் சூடு, இருந்தும் சுருளின் ஒரு மூலையில் மட்டும் பனி கட்டி மற்ற இடம் உலர்ந்து கிடக்கிறதென்றால் அப்போது கேஸைச் சந்தேகிக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை. நம் கைவேலை அன்று.

இன்னொன்றையும் கண்டேன். வாளி வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி கிடந்தது. தினமும் அரைத்தூக்கத்தில் அந்த வாளியைத் தூக்கியிருக்கிறாள் அக்கா. அதைச் சுவரில் உயரத்தில் அடித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

அன்று இரவு சாக்கடைத் துளையின் மேல் ஒரு பக்கெட்டை வைத்து, குழாய் நுனியை அதன் வாய்க்கு மேலே தொங்கவிட்டு அளந்தேன். எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 4 லிட்டர். இதில் ஒரு புதிர் இருந்தது. அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி. சுமார் 34 கன மீட்டர். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்தாலும் 24 கிராம்தான். ஆக அறைக்காற்று முழுவதையும் பிழிந்தாலும் ஒரு லிட்டர்கூடத் தேறாது. பிறகு 4 லிட்டர் எங்கிருந்து வந்தது? அண்ணாந்து பார்த்தேன், கதவுக்கு மேல் மூடியில்லாத வெண்டிலேட்டர். கருவி அறையை உலர்த்தவில்லை, தூத்துக்குடிக் கடற்காற்றை உலர்த்திக்கொண்டிருந்தது! அதில் பாதியை அட்டையால் அடைத்தோம். ஆட்கள் படுக்கும் அறையாதலால் முழுக்க அடைக்கவில்லை. மறுநாள் நீர் குறைந்தது, அறையின் ஈரமும் குறைந்தது. இப்போது நீர் குறைந்தது நல்ல அடையாளம்.

ஈரத்தோடு போராடுவது புதிய செய்தி அன்று. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் தாள் விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் இன்றைய ஏ.சி.யின் மூதாதையை அமைத்தார். சிவகாசி அச்சகத்தாருக்கு அவர் பட்ட பாடு நன்றாகப் புரியும்.

ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னபோது, அவள் கேஸையும் கம்ப்ரசரையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “காத்துல இருந்து தண்ணி வருதுன்னா, அத நம்ம ஊருக்குக் கொண்டாந்தா என்னப்பா?” என்றாள். கோடையில் குடத்தோடு நடந்தவளின் கேள்வி. அதனால் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அக்காவின் கருவி 300 வாட். எட்டு மணி நேரத்துக்கு 2.4 யூனிட். 4 லிட்டருக்கு 2.4 என்றால் 15 லிட்டர்க் குடம் ஒன்றுக்கு 9 யூனிட். அதே மின்சாரத்தைக் கொண்டு சென்னை நெம்மேலியில் உள்ளது போன்ற ஆலையில் கடல்நீரைக் குடிநீராக்கினால் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். தவிரவும் நாம் தண்ணீருக்கு அலைவது கோடையில். 38 பாகை வெயிலில் ஒப்பு ஈரப்பதம் 25 சதவீதம் என்று கொண்டால் காற்றின் பனிநிலை 15 பாகைக்குக் கீழே போய்விடுகிறது. அந்தச் சூட்டில் சிறு கருவியின் சுருள் அவ்வளவு குளிர்வதே பெரும்பாடு. பல கருவிகளின் கையேட்டிலேயே 35 பாகைக்கு மேல் ஓட்டக்கூடாதென்று போட்டிருக்கிறது. வந்த நீரும் தூசியும் சளியும் கலந்தது. செடிக்கு ஊற்றலாம், குடிக்கலாகாது.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப தம்பிப்பய மூச்சு இழுப்பு?” என்றாள். அக்காவுக்குப் போன் போட்டேன். வாளி காலியாக இருக்கிறதாம்; இரண்டு இரவு இயந்திரம் நிற்கவில்லையாம்; பையன் விடியும்வரை தூங்கினானாம். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு தம்ளர் நீர் ஊற்றிப் பார்க்கும்படியும், ஈர்க்கைக் கருவியின் பக்கத்திலேயே செருகி வைக்கும்படியும் சொல்லியிருக்கிறேன்.