வீட்டுக்கு வரும் முதல் கிளி

மக்காச்சோளக் கதிர் பால்பிடிக்கும் நாட்களில் பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டைப் பக்கத்துக் காடுகளில் கிளி விரட்டுவதே தனி வேலை. விடிந்ததும் கூட்டமாக வந்து இறங்கும் பச்சைக்கிளிகளைத் தகரம் தட்டி ஓட்டுவார்கள். அரியலூர்ப் பக்கம் மொட்டைப் பனைகளின் பொந்துகளில் அவை குடியிருக்கும். இவற்றைப் பார்த்து வளரும் பிள்ளை, “நம்ம வீட்டுக்கும் ஒரு கிளி வேணும்ப்பா” என்று கேட்பதில் வியப்பில்லை. அந்த ஆசையை நிறைவேற்றலாம். ஆனால் எந்தக் கிளி, யாருடைய பொறுப்பில் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

வாங்கக் கூடாததை முதலில் சொல்லிவிடுவோம். நம் ஊர்ப் பச்சைக்கிளி கூண்டுக்கு உரியதல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில், பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் கிளி ஜோசியம் பார்த்தவரின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது பலருக்கும் நினைவிருக்கும். சட்டத்தை விடுங்கள், விற்பனைக்கு வரும் பச்சைக்கிளிக் குஞ்சு பொந்திலிருந்து திருடப்பட்டது. ஒரு குஞ்சு சந்தைக்கு வந்து சேர்வதற்குள் வழியில் சாகும் குஞ்சுகள் எத்தனையோ.

அப்படியானால் வேறு எது? சட்டப்படி வளர்க்கக்கூடிய, கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிய வெளிநாட்டு இனங்கள் இருக்கின்றன. அவற்றில் குழந்தை உள்ள வீட்டுக்குப் பொருந்துபவை இரண்டு. ஒன்று பட்ஜி. நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது இதைத்தான். இன்னொன்று தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் உள்ள காக்கடீல். இரண்டுக்கும் தாயகம் ஆஸ்திரேலியா. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். அது அழுத்திக் கடிக்கும், சிறு பிள்ளைக்கு ஏற்றதல்ல. சன் கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழும். முதல் கிளியாக அதை வாங்குவது அந்தப் பறவைக்குச் செய்யும் அநியாயம்.

பட்ஜி 30 முதல் 40 கிராம் எடைதான் இருக்கும். 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் இதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். வறண்ட நிலத்தில் புல் விதை தின்று வாழ்ந்த பறவை என்பதால் நம் ஊர்த் தினையும் கம்பும் சாமையும் இதற்கு ஒத்துக்கொள்கின்றன. பேசவும் செய்யும். கலிபோர்னியாவில் பக் என்ற ஆண் பட்ஜி 1,728 சொற்கள் பேசியதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. பெண் பட்ஜி அரிதாகவே பேசும்.

கடைக்குப் போனால் உடனே கூண்டின் அருகில் போகாதீர்கள். பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். ஆள் அருகில் வந்தால் நோயுள்ள பறவையும் நலமாக இருப்பதுபோல் நிமிர்ந்துகொள்ளும். சிறகை உப்பிக்கொண்டு மூலையில் தூங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகு ஒட்டிக்கிடப்பது ஆகியவை நோயின் அடையாளங்கள். வயதை நெற்றி சொல்லும். குஞ்சுக்கு நெற்றிக் கோடுகள் அலகுக்கு மேலுள்ள மூக்குத் தசை வரை இறங்கியிருக்கும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். வளர வளர நெற்றி வெளுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும். வளர்ந்த ஆணின் மூக்குத் தசை நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. மஞ்சள், வெள்ளை நிறப் பறவைகளில் மட்டும் இந்த அடையாளங்கள் சற்று மாறும். ஆறு முதல் எட்டு வார வயதுக் குஞ்சு எளிதில் பழகும்.

கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும். கிளி கிடைமட்டமாகத்தான் பறக்கும். ஒரு ஜோடிக்கு இரண்டரை அடி நீளமாவது தேவை. கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டினால் தலை மாட்டிக்கொள்ளும். உட்கார வேப்பங்குச்சியும் கொய்யாக்குச்சியும் வெவ்வேறு தடிமனில் வையுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓடு சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது. கடைக்காரர் கூடவே தரும் முட்டைப் பானையை மாட்ட வேண்டாம். பானையைக் கண்டால் பெட்டை ஓயாமல் முட்டையிட்டு உடல் நலிந்துவிடும்.

தானியம் மட்டும் போட்டால் கொழுப்பு ஏறும். தினமும் கொஞ்சம் முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் கொடுங்கள். அவகாடோவும் சாக்லேட்டும் விஷம். நம் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் பேர் வாங்கித் தரும் சின்ன வெங்காயமும் ஆகாது. அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் தவாவின் புகை நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும், ஆகவே கூண்டு சமையலறைப் பக்கமே இருக்கக் கூடாது. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கூரையின் கீழ் கூண்டை மாட்டாதீர்கள். அறையில் பறக்க விடுமுன் மின்விசிறியை நிறுத்துங்கள்.

குழந்தைக்குக் கட்டாயம் கற்றுத்தர வேண்டிய ஒன்று உண்டு. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய்வரும். பாசத்தில் இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் கிளி மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் கிளியைக் கையில் பிடிக்கக் கூடாது, கைக்கு அதுவாக வர வேண்டும். முதல் வாரம் சும்மா விடுங்கள். பிறகு பிள்ளை தரையில் உட்கார்ந்து தினைக்கதிரை நீட்டட்டும். சில நாளில் விரலில் ஏறும். கூண்டைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வாயோடு வாய் ஊட்டக் கூடாது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ‘கிளிக் காய்ச்சல்’ ஒன்று இருக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். கிளிக்கு உடம்பு சரியில்லையென்றால் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். பெரிய சிகிச்சைக்கு நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

பட்ஜி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வாழும். காக்கடீல் பதினைந்தைத் தாண்டும், இன்று இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்லூரி முடிக்கும்போதும் அது வீட்டில் இருக்கும். ஆசை பிள்ளையுடையது, பொறுப்பு பெரியவருடையது. தினமும் தண்ணீர் மாற்றவும் தட்டு கழுவவும் பெரியவர் ஒருவர் முன்வராத வீட்டில் கிளி வேண்டாம்.

முன்வந்தால், என் பரிந்துரை இரண்டு ஆண் பட்ஜிகள். அப்பாவும் அம்மாவும் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கும் போய்விட்டாலும் ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்கும், குஞ்சு பொரித்துப் பெருகும் தொல்லையும் இல்லை. பச்சைக்கிளியைப் பார்க்க ஆசைப்பட்டால் பிள்ளையை அழைத்துக்கொண்டு காலையில் சோளக்காட்டுக்குப் போங்கள். மற்ற பறவைகளைப் பார்க்க, 2024-இல் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்ற கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பச்சைக்கிளிக் குஞ்சை யாராவது மலிவாகக் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். வாங்குவோர் இல்லையென்றால் பொந்தில் கை விடுவோரும் இருக்க மாட்டார்கள்.