உங்களுக்குத் தெரியுமா? பாலிமர் வாத்தியார்கள்

● தடிமனான ரப்பர் பேண்டு ஒன்றை மேலுதட்டில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்துப் பாருங்கள். உதட்டில் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சில விநாடிகள் வைத்திருந்துவிட்டுத் தளர்த்தினால் சில்லென்று இருக்கும். 1805-லேயே இதை எழுதிவைத்தவர் ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர். சிறு வயதில் அம்மை கண்டு பார்வை போனவர். உதட்டின் உணர்ச்சியை நம்பியே இந்த உண்மையைப் பிடித்தார்.

காரணம் தெரிய 1930-கள் வரை ஆயிற்று. வியன்னாவில் ஹெர்மன் மார்க், யூஜின் குத் இருவரும், ஜெர்மனியில் வெர்னர் கூனும் விடை சொன்னார்கள். ரப்பருக்குள் இருப்பவை நீள நீளமான மூலக்கூறுகள். ஓயாமல் நெளிந்து சுருண்டு கிடப்பவை. இழுத்தால் நேராகி ஒழுங்குக்கு வருகின்றன. இழுக்க நாம் செலவிட்ட உழைப்பு வெப்பமாக வெளியே வருகிறது. விட்டதும் சுற்றியிருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி சுருண்டுகொள்கின்றன. எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால், நீளாமல் அது மேலே ஏறுவதற்கும் இதே காரணம்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இரண்டையும் செய்துகாட்டுங்கள்.

● பாலிமர் அறிவியல் என்ற துறையே ஒரு பேராசிரியரின் பிடிவாதத்தில் பிறந்தது. சூரிச்சில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹெர்மன் ஸ்டாடிங்கர், ரப்பர் போன்ற பொருள்கள் ஏராளமான அணுக்கள் ஒரே சங்கிலியாகக் கோத்த ராட்சத மூலக்கூறுகள் (இவற்றைத்தான் இன்று பாலிமர் என்கிறோம்) என்று 1920-ல் எழுதினார். பெரிய பெரிய வேதியியலாளர்கள் ஏற்கவில்லை. சின்ன மூலக்கூறுகள்தான் பலவீனமான ஈர்ப்பால் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன என்பது அவர்கள் கட்சி. ரப்பரை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள், படிகமாகிவிடும், இந்த ராட்சத மூலக்கூறு எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் வீலாண்டே அறிவுரை சொன்னார்.

ஸ்டாடிங்கர் சோதனையால் பதில் சொன்னார். ரப்பரில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளின் ஈர்ப்பால்தான் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன என்றால், ஹைட்ரஜனைச் சேர்த்து அந்தப் பிணைப்புகளை நிரப்பிவிட்டால் ரப்பர் உதிர்ந்துபோய், காய்ச்சி வடிக்கக்கூடிய சாதாரணப் பொருளாக வேண்டும் அல்லவா? நிரப்பிப் பார்த்தார். உதிரவில்லை, காய்ச்சி வடிக்கவும் முடியவில்லை. ரப்பரின் குணம் அப்படியே இருந்தது. எதிர்த்தரப்பின் வாதத்தையே கையில் எடுத்து அதை முறித்த இந்தச் சோதனைக்கு ஈடாக இத்துறையில் இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 1953-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 72. தாவரவியல் கற்ற மனைவி மக்டா, அவரோடு சேர்ந்தே ஆராய்ச்சி செய்தவர்.

● ரப்பர் வேதியியலுக்கென்று உலகின் முதல் கல்லூரிப் பாடம் 1909-ல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. டயர் கம்பெனிகள் நிறைந்த ஊர் அது. அந்தக் கல்லூரிதான் இன்றைய ஆக்ரன் பல்கலைக்கழகம்.

● மேலே சொன்ன ஹெர்மன் மார்க், 1938-ல் நாஜிகள் வியன்னாவுக்குள் நுழைந்ததும் கைதானார். விடுதலையானதும் குடும்பத்தோடு காரில் கிளம்பினார். கையிருப்புப் பணத்தையெல்லாம் முன்கூட்டியே பிளாட்டினக் கம்பியாக மாற்றி, சட்டை மாட்டும் ஹேங்கர்களாக வளைத்து வைத்திருந்தார். எல்லையில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே மனிதர் 1946-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலிடெக்னிக்கில் பாலிமர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அமெரிக்காவில் பாலிமருக்கென்றே எழுந்த முதல் ஆராய்ச்சிக்கூடம் அது.

● உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி, அரிசி மூட்டையின் நெய்த சாக்கு, கொரோனா காலத்து முகக்கவசம் மூன்றும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன்தான். இதற்கு வழி திறந்தது, சரியாகக் கழுவப்படாத ஒரு பாத்திரம். ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் கார்ல் சீக்லரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் செய்த சோதனை எதிர்பார்த்தபடி வராமல் பாதியிலேயே நின்றது. காரணம் தேடிப் போனவர்கள், எஃகுக் கலனில் நிக்கல் துளி அளவு ஒட்டியிருந்ததைக் கண்டார்கள். துளி நிக்கல் இவ்வளவு செய்யுமென்றால் மற்ற உலோகங்கள் என்ன செய்யும்? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார் சீக்லர். 1953-ல் டைட்டானியம் சேர்ந்த வினையூக்கியில் எத்திலீன் வாயு சாதாரண அழுத்தத்திலேயே பாலிஎத்திலீனாக மாறியது. அதுவரை ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தம் தேவைப்பட்ட வேலை. மறு ஆண்டு மார்ச்சில், மிலான் பாலிடெக்னிக் பேராசிரியர் ஜூலியோ நட்டா அதே வழியில் பாலிபுரொப்பிலீனை உண்டாக்கினார். இருவருக்கும் 1963-ல் நோபல்.

● சாகாத பாலிமர் உண்டு! நியூயார்க் மாநிலம் சிரக்யூஸில் வனவியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஷ்வார்ட்ஸ் 1956-ல் அதை அறிவித்தார். சோடியமும் நாப்தலீனும் கலந்த கரும்பச்சைக் கரைசல். அதில் ஸ்டைரீன் என்ற மூலப்பொருளை ஊற்றிய கணமே பச்சை போய்ச் செர்ரிப் பழச் சிவப்பு. சங்கிலிகள் மளமளவென்று வளர்ந்தன. போட்ட ஸ்டைரீன் தீர்ந்த பிறகும் சிவப்பு போகவில்லை. சங்கிலியின் நுனி இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. மறுபடி ஸ்டைரீன் ஊற்றினால் விட்ட இடத்திலிருந்து வளர்ந்தது. வேறொரு மூலப்பொருளை ஊற்றினால் அது தொடர்ச்சியாக வந்து கோத்துக்கொண்டது. காற்றோ ஈரமோ புகுந்தால் மட்டும் நிறம் மங்கி எல்லாம் முடிந்துவிடும். ஒரே சங்கிலியில் கெட்டியான பகுதியும் இழுபடும் பகுதியும் மாறி மாறி வரும் பாலிமர்கள் இந்த வழியில்தான் பிறந்தன. பல செருப்புகளின் அடிப்பாகத்தில் இன்று அவை இருக்கின்றன.

● கண்ணில் போடும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ், ஒரு பொம்மைப் பெட்டியின் பாகங்களைக் கொண்டு சமையலறை மேசையில் பிறந்தது. செக் நாட்டுப் பேராசிரியர் ஓட்டோ விக்டர்லேயின் கதை இது.

1952-ல் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் கண்ணுக்குள் வைக்கும் உலோகப் பாகத்தைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தார். உலோகம் எதற்கு, உடம்போடு ஒத்துப்போகிற பாலிமர் செய்யலாமே என்று பேச்சுக் கொடுத்தார் விக்டர்லே. பேச்சோடு விடவில்லை. டிராஹோஸ்லாவ் லிம் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, உலர்ந்தால் கண்ணாடிபோல் கடினமாகவும் நீரில் ஊறினால் மிருதுவாகவும் ஆகிற ஒரு பாலிமரை உருவாக்கினார். பொருள் கிடைத்துவிட்டது, அதை லென்ஸாக வார்ப்பதுதான் வரவில்லை. அச்சிலிருந்து எடுக்கும்போதே ஓரம் கிழிந்துபோகும். இதற்கிடையே, 1958-ல் அரசியல் காரணங்களுக்காக அவரைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றினார்கள். லென்ஸ் திட்டத்துக்கும் அரசு ஆதரவு நின்றது.

1961 கிறிஸ்துமஸ் சமயம். பிள்ளைகளின் மெர்க்கூர் பொம்மைப் பெட்டியில் இருந்த உலோகப் பட்டைகள், பற்சக்கரங்கள், சைக்கிள் விளக்கின் டைனமோ, அழைப்பு மணியின் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் கோத்து ஒரு சுழல் இயந்திரம் செய்தார். சுழலும் சின்னக் குழியில் திரவத்தை ஒரு சொட்டு விட்டால், அது சுழற்சியில் தானாகவே குழிந்த வடிவம் எடுத்து அப்படியே உறைகிறது. ஓரம் வழவழவென்று இருந்தது. மனைவி லிண்டாவும் சேர்ந்துகொள்ள, அந்த மேசையிலேயே ஆயிரக்கணக்கான லென்ஸ்கள் வார்த்தார்கள். உரிமையை செக்கோஸ்லோவாக்கிய அறிவியல் அகாடமி ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. 1971-ல் அமெரிக்க அரசின் அனுமதியோடு லென்ஸ் கடைக்கு வந்தது. பெரும்பணம் வேறெங்கோ போனது. ஜனநாயகம் கோரிய அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக 1970-ல் மறுபடியும் பதவி பறிக்கப்பட்டது. ஆட்சி மாறிய பின் 1990-ல் அதே அகாடமிக்குத் தலைவரானார். அந்த நியாயமாவது அவர் உயிரோடிருக்கும்போதே கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

● டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் 1967-ல், ஹிதேகி ஷிராகவா பணியாற்றிய ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த விருந்தினர் ஒருவர் வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்த்துவிட்டார். வழக்கமாகக் கரும்பொடியாகக் கிடைக்கும் பாலிஅசிட்டிலீன், அன்று வெள்ளிபோல் மின்னும் தகடாகத் திரவத்தின் மேல் படர்ந்தது. ஷிராகவா அதைக் கொட்டிவிடாமல் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். 1975-ல் டோக்கியோ வந்த ஆலன் மெக்டயர்மிட் அந்தத் தகட்டைப் பார்த்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அவரை அழைத்தார். அங்கே இயற்பியல் பேராசிரியர் ஆலன் ஹீகரும் சேர்ந்தார். புரோமின், அயோடின் போன்றவற்றின் ஆவியைத் தகட்டின் மேல் படவிட்டபோது மின்கடத்தும் திறன் கோடி மடங்கு ஏறியது. மின்சாரம் கடத்தாது என்பதற்காகவே வயர்களின் மேல் பிளாஸ்டிக் உறை போடுகிறோம். அந்த இனத்தில் ஒன்று உலோகத்தோடு போட்டியிட்டது! மூவருக்கும் 2000-ல் நோபல்.

● உருகிய பாலிமரில் ஒரு சங்கிலி நகர்வது எப்படி? சுற்றிலும் மற்ற சங்கிலிகள் நெருக்குவதால் பக்கவாட்டில் போக முடியாது. புதருக்குள் பாம்பு ஊர்வதுபோல் தன் நீளவாக்கில்தான் போகும் என்று 1971-ல் கணக்குப் போட்டவர் பிரான்ஸின் பியர் ழீல் த ஜென். நோபல் ஆண்டு 1991.

● எம்.ஐ.டி. பேராசிரியர் ராபர்ட் லாங்கரின் முதல் 9 ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன. பெரிய புரத மூலக்கூறு பாலிமருக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவே முடியாது என்று பலர் நினைத்த காலத்தில், முடியும் என்று 1976-ல் காட்டியவர் அவர். அவர் வழியில் வந்த, மூளைப் புற்றுக்கட்டியை வெட்டி எடுத்த இடத்திலேயே வைக்கிற மருந்து வில்லைக்கு 1996-ல் அனுமதி கிடைத்தது. சோப்பு தேய்வதைப்போல மேற்பரப்பிலிருந்து மட்டும் கரைந்து, மருந்தை அங்கேயே விடுகிற பாலிமர் அது.

● பெட் பாட்டிலைத் தின்னும் பாக்டீரியா கிடைத்தது, ஜப்பானின் சாகாய் நகரில் உள்ள ஒரு பாட்டில் மறுசுழற்சி நிலையத்தில். கியோட்டோ தொழில்நுட்பக் கழகத்தின் கோஹெய் ஓடா குழு, அங்கே மண்ணும் கழிவுமாகச் சேகரித்த 250 மாதிரிகளைச் சோதித்துப் பிடித்தது. 2016-ல் உலகுக்குச் சொன்னார்கள். மெல்லிய பெட் படலத்தை 30 டிகிரி செல்சியஸில் தின்றுதீர்க்க அதற்கு சுமார் 6 வாரம் ஆனது. அதன் நொதியை எடுத்துக் கணினியின் துணையோடு மாற்றியமைத்த டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2022-ல் சில வகைப் பெட் டப்பாக்களை ஒரே வாரத்தில் சிதைத்துக் காட்டினார்கள்.

● நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. மான்செஸ்டரில் ஒளியைக் கொண்டு பாலிமர் சங்கிலியைத் தொடங்கும் ஆய்வுகளில் ஈடுபட்ட மு. சாந்தப்பா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் வேதியியலை வேரூன்றச் செய்தார். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர்.

● மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவனை, பிளாஸ்டிக் சாலைக்காக 2018-ல் பத்மஸ்ரீ தேடி வந்தது. பலர் நினைப்பதுபோல் தாரோடு பிளாஸ்டிக்கைக் கலப்பதல்ல அவர் முறை. முதலில் ஜல்லியை சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். அதன்மேல் பொடியாக நறுக்கிய கேரிபேக், உறைகளைத் தூவுவார்கள். சில நொடிகளில் பிளாஸ்டிக் இளகி, கல்லைச் சுற்றி மெல்லிய பளபளப்பான உறையாகப் படிந்துவிடும். தார் அதற்குப் பிறகுதான். கல்லின் நுண்துளைகள் அடைபடுவதால் மழைநீர் உள்ளே போகாது. தாரும் கல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும். மழைக்குப் பெயர்ந்து குழியாகும் நம் சாலைகளுக்கு வேண்டியது இதுதான்.

தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-ல் நெறிமுறை வகுத்தது. ஒரு வகைக்கு மட்டும் அதில் இடமில்லை: பி.வி.சி. சூடுபட்டால் குளோரின் சேர்ந்த நச்சு வாயுவை விடும். அதனால் குப்பையில் எது பி.வி.சி., எது கேரிபேக் என்று பிரித்தெடுப்பவர்கள் பார்க்கும் வேலையும் சாலை போடும் வேலையில் சேர்த்திதான். அவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் நியாயமான கூலியும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.