பழைய லோரியில் பழுது எங்கே?

பாலையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் பழைய டீசல் லோரியில் கியர் இறுகினாலோ வேகம் அடங்காவிட்டாலோ, ஆபத்து ஓட்டுநருக்கு மட்டுமன்று. எனவே பழுதின் இடத்தை அறியும் முறையை நாம் தெரிந்துகொள்ளுதல் நலம்.

கியர் விழவில்லையா? சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கியரை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போது எளிதில் விழுந்தால், பெரும்பாலும் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பதே பொருள். அப்போதும் அசையாவிடில், பழுது கியர்க் கம்பியிலோ பெட்டிக்குள்ளோ இருக்கும்.

எக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் வேகம் தணியவில்லையா? இயந்திரத்தை நிறுத்திய பின், மிதியிலிருந்து டீசல் பம்பு வரை செல்லும் கம்பியில் துருவோ சேறோ உண்டா, மிதியைத் திருப்பும் சுருள்வில் அறுந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். கம்பியைக் கழற்றிய பின்னும் பம்பின் நெம்புகோல் இறுகியிருந்தால், பழுது பம்பில்தான், பட்டறைக்கே அனுப்புக.

ஓடும்போது இவ்வாறு நேர்ந்தால், கிளட்சையும் பிரேக்கையும் அழுத்தி லோரியை நிறுத்துக. பிறகே இயந்திரத்தை நிறுத்துக. பழைய டீசல் இயந்திரங்கள் பல சாவியைத் திருப்பினால் மட்டும் நிற்பதில்லை. டீசலைத் தடுக்கும் குமிழை இழுக்க வேண்டும். அக்குமிழைக் காலைதோறும் சோதித்த பின்னரே ஆட்களை ஏற்றுவோமாக.